ஏழு குழிமுகங்கள்

இரண்டு தட்டுகளையும் ஒரே நடையில் கொண்டுபோய்விடலாம் என்று லென்ஸ்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் நினைத்தார். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் லென்ஸ். உள்ளறைக் கதவைத் தோளால் தள்ளினார். கயிறு கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. கதவு ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார், தட்டுகள் தங்களுக்குப் பிடித்த பக்கம் போயின.

காசு விழும் சத்தம் எல்லோருக்கும் பிடித்த சத்தம்தான், தன் கையிலிருந்து விழாதவரை. பழங்காசுக் கடையில் அது இன்னும் மோசம். அங்கே காசைத் தொடுவதற்கே விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவரே லென்ஸ்காரர்தான். இப்போது அவர் கண்ணாடி அலமாரிக்கு அடியில் குப்புறப் படுத்து, அடிக்கோலால் ஒரு ராஜாவின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. அவர் திட்டாமல் நிற்பதைவிடத் திட்டியிருக்கலாம்.

"ஏழும் இருக்கா?"

"இருக்கும்மா. ஆறு இங்க இருக்கு, ஒண்ணு பல்லி பக்கத்துல இருக்கு. பல்லி பார்த்துட்டு வச்சிரும்."

ஏழும் இருந்தன. ஒன்றுக்கும் அடிபடவில்லை, விழுந்தது பாய்விரிப்பின் மேல். ஆனால் எது எந்தத் தட்டினுடையது என்பதுதான் போய்விட்டது. அதற்கும் காரணம் அவரேதான். முந்தைய நாள் வரை ஒவ்வொரு காசும் தன் பெயர்ச்சீட்டோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அந்த உறைகள் பழசாகிப் பிசுபிசுத்து, காசின் மேல் பச்சையாகக் கசிய ஆரம்பித்திருந்தன. இனி ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து என்று, புது உறை வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் உரித்து, பழைய உறைகளைச் சீட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டவர் அவர். அதிலும் ஒரு பெருமை: காசுக்காக முன்யோசனை பண்ணுகிறவனாம்.

இந்த இடத்தில் அவர் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தப் பழங்காசுக் கடையில், பிழைக் காசுகளைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. காசு அடிக்கும் ஆலையிலும் மனிதர்கள்தானே வேலை செய்கிறார்கள். அச்சு நகரும், தகடு வழுக்கும், எழுத்து இரண்டாக விழும். அப்படிப் பிழையாகப் பிறந்த காசுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் கிராக்கி. ஆனால் வெளியே வந்தபிறகு சுத்தியலில், தண்டவாளத்தில், தையல் மிஷின் அடியில் அடிபட்ட காசும் பார்வைக்குப் பிழைக் காசு மாதிரியே இருக்கும். அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. "பிறவிக் கோளாறுக்குத்தான் இங்க மரியாதை, வளர்ந்தப்புறம் கெட்டுப்போனதுக்கு இல்லை" என்று வருகிறவர்களிடம் சொல்வார். "நான் ரெண்டும் கலந்த கேஸு. அதனாலதான் என்னை யாரும் ஏலத்துல எடுக்கலை."

கீழே விழுந்த ஏழும் ஒரே வகை. தொழிலில் ப்ரோக்கேஜ் என்பார்கள். இந்தக் கடையில் குழிமுகம். ஆலையில் அடித்த காசு ஒன்று கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெறும் தகட்டின் மேல் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசே போய் விழும். அதனால் ஒரு பக்கம் ராஜாவின் தலை வழக்கம்போல மேடாக இருக்கும். மறுபக்கம் அதே தலை, இடம் வலம் மாறி, குழியாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ராஜா காசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி தெரியும்.

இதைப் பொய்யாகச் செய்வதும் சுலபம். இரண்டு நல்ல காசை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் இறுக்கினால் போதும். ஒன்றின் தலை இன்னொன்றில் குழியாகப் பதியும். ஆனால் அந்தப் பொய் பின்பக்கத்தில் பிடிபட்டுவிடும். வைஸின் தாடையில் அழுந்திய பக்கத்தில் ராஜாவின் காதும் மூக்கும் நசுங்கிச் சப்பையாகிவிடும். அதனால் லென்ஸ்காரரின் முதல் பாடம், கடைசிப் பாடம் எல்லாம் ஒன்றுதான்: திருப்பிப் பார். குழியைப் பார்த்து வாயைப் பிளக்காதே, திருப்பு, காதைப் பார். கடைக்கு வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில், உறவில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் இந்தப் பாடம் நடந்திருக்கிறது. அவர் மனைவி தக்காளி வாங்கும்போதுகூடத் திருப்பிக் காதைப் பார்ப்பதாக ஒரு கேலி உண்டு.

இரண்டு தட்டில் ஒன்று மெய்த் தட்டு. அதில் நான்கு குழிமுகம். இன்னொன்று பொய்த் தட்டு, அதில் மூன்று. வருகிறவர்களுக்குப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுவதற்காக. பொய்த் தட்டின் மூன்றில் இரண்டைக் கடைக்காரம்மாவே பாடத்துக்காக வைஸில் இறுக்கிச் செய்திருந்தார். மூன்றாவது, லென்ஸ்காரரின் சகலையினுடையது; பாடத்துக்கு மற்ற இரண்டே போதும் என்று அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

"அவசரமில்லை. உக்காந்து பிரிச்சுருங்க" என்றார் கடைக்காரம்மா. "உங்களுக்கு இது என்ன பெரிய வேலை?"

பெரிய வேலையில்லைதான். விளக்கைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக விளிம்பில் பிடித்து, குழியைப் பார்த்து, திருப்பி, காதைப் பார்த்து, பிரித்தார். கடைக்காரம்மாவின் கைவண்ணம் இரண்டும் ஒரு நொடியில் தெரிந்தன. காது சப்பட்டை, கன்னத்தில் வைஸின் பல். அவற்றைப் பொய்த் தட்டில் போட்டார். மற்றவை சுத்தமாக, கூர்மையாக இருந்தன. மெய்த் தட்டின் வெல்வெட் குழிகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்தார். கையில் ஒன்று மிச்சம் இருந்தது. வைக்க இடமில்லை.

பொய்த் தட்டில் ஒரு குழி காலியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லென்ஸைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். விளக்கைத் துடைத்தார். மறுபடி ஐந்தையும் எடுத்துப் பார்த்தார். ஐந்திலும் காது காதாக இருந்தது. மூக்கு வெட்டிவைத்த மாதிரி இருந்தது. ஐந்தும் ஆலையில் பிறந்தவை. பொய்த் தட்டில் மூன்றாவதாகக் கிடந்தது சகலையின் காசு ஒன்றுதான். ஆக, இந்த ஐந்தில் ஒன்று அது. எது என்றுகூட இப்போது சொல்ல முடியாது. நல்ல பிள்ளைகளோடு நின்றால் அதுவும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கிறது.



சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை புருஷன். தண்ணீர் மோட்டார் விற்பவர். எதைத் தொட்டாலும் துலங்குகிற ஜாதகம். வரிசையில் நின்றால் அவர் நிற்கிற வரிசைதான் நகரும். மழை வந்தால் அவர் வீட்டுக்குள் போனபிறகுதான் வரும். மூன்று வருடம் முன்பு, பழைய மரச்சாமான் கடையில் ஒரு மேஜை வாங்கினார். அதன் இழுப்பறை சிக்கியது. உள்ளே கையை விட்டார். பின்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு குழிமுகம்.

லென்ஸ்காரர் தன் வாழ்நாளில் மூட்டை மூட்டையாகச் சில்லறையைக் கொட்டிப் பார்த்தவர். பஸ் கண்டக்டரிடம், பால்காரரிடம், கோயில் உண்டியல் எண்ணுகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டிச் சில்லறை மாற்றியவர். ஊரான் கொண்டுவந்த பிழையையெல்லாம் பிழை என்று சொல்லியிருக்கிறார். தன் கையில் தானாக ஒன்று வந்து விழுந்ததில்லை. ஒரு தடவைகூட. இதைப் பற்றியும் அவரே நகைச்சுவையாகப் பேசுவார்: "பந்தியில பரிமாறுறவன் நான். பசி இருந்தா என்ன, கரண்டி என் கையிலதானே."

அன்று சகலை வீட்டில் உறவெல்லாம் சாப்பிடக் கூடியிருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் சகலை காசைக் கொண்டுவந்து வைத்தார். "பார்த்துச் சொல்லுங்க சகலை. நீங்க சொன்னா அப்பீலே இல்லை" என்றார். கூடமே கைகழுவாமல் காத்திருந்தது. லென்ஸ்காரர் பார்த்தார். வைஸ் வேலை என்றார். அதோடு விட்டிருக்கலாம். வாய் விடவில்லை. "முன்னாடி பார்த்தா ராஜா, உள்ள ஒண்ணுமில்லை. மேஜை வாங்கினவரை மாதிரியே" என்றார்.

கூடம் சிரித்தது. சகலையும் சிரித்தார். "அப்ப நீங்களே வச்சுக்குங்க, உங்க பொய்த் தட்டுல ஒரு இடம் இருக்குமில்ல" என்று காசை லென்ஸ்காரரின் சட்டைப் பையில் போட்டார். சிரிக்காதது மச்சினி ஒருத்திதான். இரண்டு நாள் கழித்து அக்காவுக்கும் தங்கைக்கும் போனில் என்னவோ பேச்சு நடந்தது. அதற்குப் பிறகு பேச்சே நடக்கவில்லை.

கிண்டலால் வந்த கோபம் என்றே லென்ஸ்காரர் இத்தனை நாள் நினைத்திருந்தார். கிண்டலுக்காக வருத்தம் உண்டு, தீர்ப்புக்காக இல்லை. தன் தரப்பை அவர் பல பேரிடம் சொல்லியிருக்கிறார், எப்போதும் ஒரே வரிசையில்: "லென்ஸை மாட்டினேன். வெளிச்சத்துல சாய்ச்சேன். திருப்பினேன். காது நசுங்கியிருந்துச்சு. இருக்கிறதைச் சொன்னேன். மச்சினி புருஷன்னா காது வளர்ந்துருமா?" அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மனைவிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

முன்பு அக்காவும் தங்கையும் தினமும் மதியம் பேசுவார்கள். மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி துணி மடிப்பாள். போன் நின்று மூன்று வருடமாயிற்று. இப்போதும் துணி மடிக்கும்போது அவள் தலை அதே பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. லென்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டால் அந்த அறையைவிட்டு வெளியே போய்விடுவார்.

கடைக்காரம்மா ஐந்தாவது காசை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நல்ல காசுதான் என்றார். நீங்கள் கொண்டுவந்து பொய் என்று கொடுத்தீர்கள், உங்கள் சொல்லுக்கு மேல் நான் ஏன் பார்க்கப் போகிறேன், அப்படியே தட்டில் வைத்துவிட்டேன் என்றார்.

"ஏம்மா, எனக்குக் கண்ணு தப்புச்சா, மனசு தப்புச்சா? வெளிப்படையாச் சொல்லுங்க."

கடைக்காரம்மா விளக்கை அணைத்து, மறுபடி போட்டார். "அப்ப நம்மகிட்ட இருந்தது பழைய லைட்டு" என்றார். "மஞ்சளா எரியும். அதுல எந்தக் காது ஒழுங்காத் தெரிஞ்சுது?"

காசைப் பார்த்தது கடை விளக்கில் அல்ல, சகலை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்பது லென்ஸ்காரருக்குத் தெரியும். கடைக்காரம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த விளக்குச் சாக்கு லென்ஸ்காரருக்குப் பிடித்திருந்தது. அதைக் கையோடு எடுத்துக்கொண்டார். ஐந்தில் எது சகலையுடையது என்பதற்குக் கடைக்காரம்மாவே ஒரு வழி சொன்னார்: ஐந்தில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்துவிடுங்கள், நமக்கு நஷ்டமில்லை.  தன்னிடம் எல்லோரும் கொஞ்சம் கம்மியாக நல்லவர்களாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று லென்ஸ்காரருக்குத் தோன்றியது.

சகலை வீட்டுக் கதவைச் சகலையே திறந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். உள்ளறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அவ தூங்கறா" என்றார் சகலை. மிஷின் ஒரு நிமிடம் நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது. மச்சினி தூக்கத்தில் நன்றாகத் தைக்கிறாள் என்று ஒரு கிண்டல் லென்ஸ்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினார். கசந்தது.

புது உறையில் போட்ட காசை எடுத்து மேஜைமேல் வைத்தார். அன்று சாப்பிட்ட அதே மேஜை. கடையில் புது விளக்கு வாங்கியிருக்கிறோம், வெள்ளை வெளிச்சம், அதில் எதேச்சையாகப் பார்த்தேன், ஆலைக் காசுதான், பழைய மஞ்சள் விளக்குக்கு எதுவும் சொல்ல முடியாது என்று விளக்கைப் பற்றியே ரொம்ப நேரம் பேசினார். விளக்கு விற்க வந்தவர் மாதிரி இருந்தது. சகலை மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளிச்சம்தான் எல்லாம் என்று ஒத்துக்கொண்டார். மோட்டார் பழுது பார்ப்பதற்கும் அப்படித்தான் என்றார்.

பிறகு காசை எடுத்து, பார்க்காமலே, சாவியும் ரப்பர் பேண்டும் மோட்டார் ஸ்குரூவும் கிடந்த ஒரு கிண்ணத்தில் போட்டார்.

லென்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. "அதை அப்படிப் போடாதீங்க, உரசும்."

"உரசட்டும் சகலை."

எழுந்து செருப்பைப் போட்டபோது, வாசலில் வைத்து லென்ஸ்காரர் கேட்டேவிட்டார். "அன்னைக்கு நான் வயித்தெரிச்சல்ல சொன்னேன்னு நினைச்சீங்களா?"

சகலை சிரித்தார். கூடத்தில் அன்று சிரித்த அதே சிரிப்பு. "என்ன சகலை, அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை. டீ போடச் சொல்லட்டுமா?" என்றார். செருப்பைப் போட்டவனிடம் டீ வேண்டுமா என்று கேட்பது கிளம்பு என்பதற்கு மறுபெயர். உள்ளே மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் லென்ஸ்காரர் அந்தக் காசைத் திருப்பிக்கொண்டே வந்தார், கையில் அல்ல, நினைப்பில். லென்ஸை மாட்டினேன். வெளிச்சத்துல சாய்ச்சேன். திருப்பினேன். காது நசுங்கியிருந்துச்சு. நசுங்காத காது அன்றைக்கு மட்டும் எப்படி நசுங்கியிருக்கும்? சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவருக்கே மழமழவென்று தேய்ந்துபோயிருந்தது; பிடித்து நிறுத்த ஒரு மேடுபள்ளம்கூட மிச்சமில்லை.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்திருந்தது. இந்த முறை அவர் வெளியே போகவில்லை. எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்: தட்டு விழுந்தது, மிச்சமான காசு, காலிக் குழி, கடைக்காரம்மா, தூங்கிக்கொண்டே தைத்த மச்சினி, கிண்ணம். புது விளக்கையும் சொன்னார். விளக்கு வந்ததும் அவள் ஒரு சட்டையின் கையைத் தவறாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"காசு நல்லதாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லது."

"ம்."

"என்ன ம்? எல்லாரும் லைட்டைப் பத்தியே பேசறாங்க. அந்தம்மா லைட்டுங்கறாங்க, சகலை லைட்டுங்கறார், நானும் லைட்டுங்கறேன். நீயாவது சொல்லு. பொறாமையிலதான் அப்படிச் சொன்னேனா?"

அவள் அடுப்படிக்குப் போகப் போகிறாள் என்று அவர் நினைத்தார். உள்ளுக்குள் அதற்காகக் கொஞ்சம் வேண்டிக்கொண்டும் இருந்தார். அவள் போகவில்லை. மடித்த சட்டையை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நீங்க அதைத் திருப்பவே இல்லை."

"திருப்பினேன். காது..."

"திருப்பலைங்க. உங்க பக்கத்துல தண்ணி ஜக்கோட நின்னவ நான். லென்ஸை மாட்டினீங்க. குழியைப் பார்த்தீங்க. பார்த்ததும் உங்க மூஞ்சி செத்துப்போச்சு. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தீங்க. அவர் சிரிச்சிட்டிருந்தார். உடனே வைஸ்னு சொல்லிட்டீங்க. நல்ல காசுன்னு உங்களுக்கு முதல் பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு. திருப்பினா அப்படிச் சொல்ல முடியாது. அதனால திருப்பலை."

லென்ஸ்காரரின் கை தானாகக் கழுத்துக் கயிற்றைத் தேடியது. கயிறும் இல்லை, லென்ஸும் இல்லை. கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அப்ப உங்களுக்குள்ள சண்டை... அது நான் பண்ணின கிண்டலுக்கு இல்லையா?"

"உங்க கிண்டல் அவளுக்குப் புதுசா? அவ போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அத்தான் அதைத் திருப்பிப் பார்த்தாரா அக்கான்னு. எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் பார்த்துட்டு, தெரிஞ்சேதான் கேட்டா."

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"பார்த்தார்னு சொன்னேன்."